‘தங்கள்’ என்று எழுதிய பிறகு

ஒரு கடிதத்தின் கடைசி வரியில் போட வேண்டிய ஒரு வார்த்தை எனக்குக் கிடைக்காமல் போனதால் ஒரு மனிதருக்கு வேலை போயிற்று. அவரை நான் ஒரு தடவைகூட நேரில் பார்த்ததில்லை. இதை எழுதி வைக்க வேண்டும் என்று எத்தனையோ வருஷமாக நினைத்துக்கொண்டு, ஒவ்வொரு தடவையும் ஏதாவது சாக்குச் சொல்லித் தப்பித்து வந்திருக்கிறேன். சாக்குச் சொல்வதில் நான் கெட்டிக்காரி.

அப்போது நாங்கள் மயிலாப்பூரில், குளத்துக்குத் தெற்கே ஒரு சந்தில் குடியிருந்தோம். என் கணவர் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளர். தமிழில் வரும் பத்திரங்களையும் கடிதங்களையும் வாக்குமூலங்களையும் இங்கிலீஷில் ஆக்கித் தருவது அவர் உத்தியோகம். வீட்டில் நாங்கள் இருவரும் மாமியாரும்தான். எனக்குக் குழந்தை இல்லை. அதைப் பற்றி ஊரே பேசியாகிவிட்டது, நான் வேறு பேச வேண்டாம். மூன்றாவது பாரம் வரை படித்திருந்தேன். கல்யாணத்துக்காகப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தியபோது அழுதேன் என்று எல்லாரிடமும் சொல்வேன். உண்மையில் அன்றைக்குப் புதுப் புடைவை கிடைத்த சந்தோஷத்தில் அழவே இல்லை. இந்த மாதிரி சின்னச் சின்னப் பொய்கள் என்னிடம் நிறைய உண்டு. அதனால்தான் இதையும் சொல்கிறேன்.

நாலு தெரு தள்ளி ஒரு வாசகசாலை இருந்தது. ஆண்பிள்ளைகள் சாயங்காலம் அங்கே போய்ப் பேப்பர் படிப்பார்கள், காங்கிரஸைப் பற்றிச் சண்டை போடுவார்கள். பெண்கள் வரக்கூடாது என்று பலகை ஒன்றும் மாட்டியிருக்கவில்லை. ஆனால் எவள் போனாள்? அதனால் எங்களுக்கென்று ஓர் ஏற்பாடு செய்திருந்தார்கள். புதன்கிழமைதோறும் வாசகசாலைச் சேவகர் ஒரு காக்கிப் பையைச் சைக்கிளில் மாட்டிக்கொண்டு வீடு வீடாக வருவார். படித்து முடித்ததைக் கொடுத்துவிட்டு, வேண்டியதைச் சீட்டில் எழுதிக் கொடுத்தால் அடுத்த புதன்கிழமை கொண்டுவருவார்.

“இன்னாம்மா, அதுக்குள்ள முடிச்சிட்டியா? வூட்ல சோறு ஆக்கறதே இல்லியா?” என்று வாசலில் நின்றுகொண்டு கேட்பார். மாமியாருக்கு இந்தக் கேலி பிடிக்காது. எனக்குப் பிடிக்கும், பாதி உண்மை என்பதால்.

அந்தப் புத்தகங்களில் முக்கால்வாசி, பத்திரிகைத் தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்துத் தைத்த பைண்டுகள். யார் வீட்டிலாவது வருஷக்கணக்கில் சேர்த்து வைத்து, பரண் நிரம்பியதும் வாசகசாலைக்குக் கொடுத்துவிடுவார்கள். அதில் ஏதாவது ஒரு வாரம் கட்டாயம் விட்டுப் போயிருக்கும். கதாநாயகி ரயிலடியில் நின்று அழுதுகொண்டிருப்பாள். பக்கத்தைத் திருப்பினால் அவளுக்குக் கல்யாணமாகி இரண்டு குழந்தைகள் இருக்கும். மற்ற இடங்களில் அது அவ்வளவுதான். எங்கள் வாசகசாலையில் மட்டும், விட்டுப்போன இடத்தில் வெள்ளைத் தாள் தைத்து, அந்த வாரத்துக் கதை முழுவதும் கையால் எழுதப்பட்டிருக்கும். எழுதியவர் அங்கே லைப்ரேரியனாக இருந்தவர். யார் யார் வீட்டுக்கோ அலைந்து, அதே வாரத்துப் பத்திரிகையை இரவல் வாங்கி, உட்கார்ந்து காப்பி எடுப்பாராம்.

“ஞாயித்துக்கெயம கூட அதுக்கோசரம் சுத்திக்கினு கீறாரும்மா. இன்னா லாபமோ அந்த மனுசனுக்கு” என்று சேவகர் ஒரு நாள் சொன்னார்.

சின்ன எழுத்து, நேராக நிற்கும். அலங்காரம் ஒன்றும் இருக்காது. நடுநடுவே ஓரத்தில் ஒரு குறிப்பு இருக்கும். “இந்தப் பிழை மூலத்திலேயே உள்ளது. நான் திருத்தவில்லை.” “இந்த வரியில் ஒரு சொல் கிழிந்துவிட்டது.” இந்தக் குறிப்புகளைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். கதையைவிட இவை எனக்கு ருசித்தன. ஒரு தடிப் புத்தகத்தில் முக்கியமான கட்டத்தில் வெள்ளைத் தாள் தைத்திருந்தது, ஆனால் அதில் கதை இல்லை. நாலே வரிதான் இருந்தது. “இதற்கு அடுத்த மூன்று பக்கங்கள் எங்கு தேடியும் கிடைக்கவில்லை. இப்படி நடந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றுவதை எழுதிச் சேர்ப்பது சுலபம். ஆனால் அது இந்தக் கதை ஆகாது. படிப்பவர்கள் மன்னிக்க வேண்டும்.”

நான் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன். எங்கள் வீட்டிலும் எங்கள் தெருவிலும் தெரியாததைத் தெரிந்த மாதிரிச் சொல்லாதவர் ஒருவரும் கிடையாது. எனக்கு ஏன் குழந்தை பிறக்கவில்லை என்பதற்குப் பத்து வீடுகளில் பத்துக் காரணம் இருந்தது. பத்தும் நிச்சயமான காரணம். இப்படிப்பட்ட ஊரில் ஒருவர் உட்கார்ந்து, கிடைக்கவில்லை என்று நிறுத்தி எழுதியிருக்கிறார்.

அன்றிலிருந்து எனக்குள் ஒரு மாறுதல் வந்தது. ரசத்தில் உப்புப் போட்டாயா என்று மாமியார் கேட்டால் பழக்கத்தில் “போட்டாச்சு” என்று சொல்லிவிட்டு, பிறகு ஓடிப் போய்ப் போடுவேன். அதை விட்டுவிட்டு “ஞாபகமில்லை” என்று சொல்ல ஆரம்பித்தேன். மாமியார் என்னை ஒரு மாதிரி பார்த்தார். எனக்கு உடம்புக்கு ஏதோ வந்துவிட்டது என்று என் கணவரிடம் சொல்லியிருக்கிறார்.

அந்த லைப்ரேரியனுக்கு என்ன வயசு, கறுப்பா சிவப்பா, கல்யாணமானவரா என்று எதுவும் எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் தோன்றவில்லை. அவரைப் பார்க்க வேண்டும், பேச வேண்டும் என்று ஆசைப்பட்டதில்லை. அவர் செய்கிற மாதிரிச் சுத்தமாக ஒரு காரியத்தையாவது என் வாழ்நாளில் செய்துவிட வேண்டும் என்றுதான் ஆசைப்பட்டேன். இதை அவருக்கு ஒரு கடிதமாக எழுதி, ஒரு நமஸ்காரத்தோடு முடித்துவிடலாம் என்று நினைத்தேன். பங்குனி மாசம், நல்ல வெயில், மாமியார் தூங்கும் பகல் நேரம்.

கடிதம் சரசரவென்று வந்தது. கடைசியில் “இப்படிக்கு, தங்கள்” என்று எழுதிவிட்டுப் பேனா நின்றுவிட்டது.

இப்போது எழுதுகிறவர்களுக்கு இது புரியுமோ என்னவோ. அந்தக் காலத்தில் கடிதம் என்றால் மேலே க்ஷேமம், உபய க்ஷேமம்; கீழே ‘தங்கள்’ என்று போட்டு, இன்ன உறவு என்று சொல்லிக் கையெழுத்து. தங்கள் மகள். தங்கள் மருமாள். தங்கள் கீழ்ப்படிந்த மாணவி. உறவைச் சொல்லாமல் ஒரு பெண் ஓர் ஆண்பிள்ளைக்கு வெறும் பேரைப் போட்டு எழுதினாள் என்று நான் கேள்விப்பட்டதே இல்லை. மாணவி என்று எழுதலாம் என்றால், அவர் எனக்குப் பாடம் சொல்லவில்லை, நானாகத் திருடிக் கற்றுக்கொண்டேன். பக்தை என்றால் தேங்காய் உடைக்க வேண்டும். ரசிகை என்பது பாட்டுக் கச்சேரியில் தலையாட்டுகிறவளுக்குப் பொருந்தும். எல்லாரும் எதற்கும் எழுதுகிற ‘சகோதரி’ இருந்தது. மேடையில் ஏறுகிறவர்கள் எல்லாரும் எங்களைச் சகோதரிகளே என்றுதான் கூப்பிட்டார்கள். எனக்கு மூன்று சகோதரர்கள். அவர்களில் ஒருவனைப் பற்றியும் இப்படி ஓர் எண்ணம் எனக்கு வந்ததில்லை. சரி, நாளைக்கு யோசிக்கலாம் என்று கடிதத்தை மடித்து அவர் நாலு வரி எழுதிய அந்தத் தடிப் புத்தகத்துக்குள்ளேயே வைத்தேன்.

இரண்டு நாள் யோசித்தேன். அந்த வாரம் புதன்கிழமை அறுபத்துமூவர் உற்சவம். மாட வீதிகளில் சைக்கிள் என்ன, எறும்புகூட நுழைய முடியாது. சேவகர் முன்யோசனையாகச் செவ்வாய்க்கிழமையே பையோடு வந்துவிட்டார். நான் பக்கத்து வீட்டில் மஞ்சள் குங்குமம் வாங்கிக்கொண்டு, ஊர்வம்பும் பேசிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மாமியார் அலமாரியில் இருந்த வாசகசாலைப் புத்தகங்களையெல்லாம் எடுத்துக் கொடுத்து அனுப்பிவிட்டார். திரும்பி வந்து பார்த்தபோது அலமாரியில் அந்தத் தடிப் புத்தகம் இல்லை; கடிதமும் அதோடு போயிருந்தது.

பெண்களிடமிருந்து வரும் புத்தகங்கள் நேராக லைப்ரேரியனிடம் போகாது என்பது எனக்கு அப்போது தெரியாது. அவை முதலில் செக்ரட்டரியின் மேஜைக்குப் போகும். அவர் ரிடையரான பெரிய மனிதர், ஒவ்வொரு புத்தகத்தையும் தலைகீழாகப் பிடித்து உதறிப் பார்ப்பாராம். காய்ந்த பூ, குங்குமப் பொட்டலம், முறுக்குத் தூள் எல்லாம் விழும். ஒரு தடவை மூக்குத்தித் திருகு விழுந்ததாம். அந்தத் தடவை என் கடிதம் விழுந்தது.

உற்சவத்துக்கு மறுநாள் சாயங்காலம் என் கணவர் செக்ரட்டரி கொடுத்த கவரோடு வந்தார். காலைக்கூட அலம்பவில்லை. கூடத்தில் உட்கார்ந்து கடிதத்தைப் பிரித்துத் தன் எழுத்துப் பலகையில் வைத்தார்.

“நீ எழுதினதா?”

“ஆமாம்.”

“நன்னா எழுதியிருக்கே” என்றார். கேலி இல்லை, நிஜமாகவே சொன்னார். “இந்தக் கடைசி வரி ஏன் பாதியில நிக்கறது?”

“வார்த்தை கிடைக்கலை.”

“என்னைக் கேட்டிருக்கப்படாதா? எனக்கு அதுதானே உத்தியோகம்” என்று சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. “செக்ரட்டரி என்ன சொன்னார் தெரியுமோ? ‘உறவு இருந்தா எழுதியிருப்பா. எழுதலைன்னா, எழுத முடியாத உறவுன்னு அர்த்தம்’னார். என் மூஞ்சியைப் பார்த்துண்டே சொன்னார்.”

கவரை மடித்துப் பலகைக்கு அடியில் செருகினார்.

“அந்த லைப்ரேரியன் நம்ம ஜாதிகூட இல்லை. அதையும் சேர்த்துப் பேசறா. ஞாயித்துக்கிழமை கமிட்டி கூடறது. நீ இந்த எடத்துல ‘சகோதரி’ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடு. நான் கொண்டுபோய்க் குடுத்துடறேன். அதோட முடிஞ்சுடும். இல்லேன்னா அந்த மனுஷனுக்கு வேலை போனாலும் போயிடும்.”

தெளிவாகத்தான் சொன்னார். நான் கேட்கவில்லை, எனக்குத் தெரியாது என்று பின்னால் யாரிடமும் சொல்லிக்கொள்ள எனக்கு வழியில்லை.

“நான் அவருக்குச் சகோதரி இல்லையே” என்றேன்.

“யார்தான் யாருக்குச் சகோதரி? சும்மா ஒரு வார்த்தைடீ.”

“அவரா இருந்தா இந்த மாதிரி எடத்துல இல்லாததை எழுதியிருக்க மாட்டார்.”

இதைச் சொல்லியிருக்கக் கூடாது. அவர் முகம் சுண்டிவிட்டது. ஆனாலும் என் கணவர் நல்லவர். எழுந்து போய்க் காலை அலம்பிக்கொண்டு வந்து, வேறு வார்த்தை உண்டா பார்க்கலாம் என்று எதிரில் உட்கார்ந்தார். அகராதியைக்கூட எடுத்தார். “இங்கிலீஷ்ல அட்மைரர்னு ஒண்ணு இருக்கு. ஆனா அவாளே அதை ஒரு பொண்ணு பின்னால அலையறவனுக்குத்தான் சொல்றா. அது வேண்டாம்” என்றார். அபிமானி என்று போடலாமா என்று நான் கேட்டேன். அதற்கு அவர் யோசித்துவிட்டு, “தேசாபிமானின்னா கழுத்துல மாலை போடுவா. ஒரு ஆம்பளைக்கு அபிமானின்னா சிரிப்பா. கோர்ட்டுக்கு வர்ற உயில்கள்ல, வெச்சுண்டிருக்கறவளை அபிமான ஸ்திரீன்னு எழுதியிருப்பான். அதை நான் இங்கிலீஷ்ல எப்படிப் போடறேன்னு நீ தெரிஞ்சுக்க வேண்டாம்” என்றார். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். கல்யாணமாகிப் பத்து வருஷத்தில் நாங்கள் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து அவ்வளவு நேரம் பேசியது அதுதான் முதல் தடவை. அந்தச் சந்தோஷம் எனக்குத் தலைக்கேறிவிட்டது என்று இப்போது தோன்றுகிறது.

ஒரு வார்த்தை இல்லையென்றால் பத்து வார்த்தையில் சொல்கிறேன் என்று முடிவு செய்தேன். சனிக்கிழமை பகல் முழுக்க உட்கார்ந்து, கமிட்டியாருக்கு என்று இரண்டு முழுத் தாள் எழுதினேன். அந்த லைப்ரேரியனை எனக்குத் தெரியாது, அவருக்கும் என்னைத் தெரியாது என்று ஆரம்பித்தேன். அவர் எழுத்தைப் பார்த்தாலே மனசு சுத்தமாகிறது என்று எழுதினேன். அவர் குறிப்புகளைப் படித்ததிலிருந்து நான் வேறு மனுஷியாகிவிட்டேன் என்று எழுதினேன். இதற்குச் சகோதரி என்று பேர் வைத்தால் பொய்யாகும், பொய் சொல்வது அவருக்கே அவமரியாதை என்று முடித்தேன். எழுதி முடித்தபோது எனக்கு அப்படியொரு நிம்மதி.

என் கணவர் படித்தார். முதல் தாளைப் படிக்கும்போது முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவது தாளில் பாதிக்கு மேல் போனதும் கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

“எனக்கு நீ இப்படி ஒரு பக்கம் எழுதினதுண்டா?” என்றார்.

தாள்களை மடித்துக்கொண்டே அவரே பதிலும் சொன்னார்.

“பொறந்தாத்துக்குப் போனா ஒரு கார்டு வரும். ‘சௌக்கியம். இங்கே வெய்யில் ஜாஸ்தி. அம்மாவைக் கேட்டதாகச் சொல்லவும்.’ பத்து வருஷமா அதுதான்.”

“ஏன்னா, அது வேற, இது வேற” என்றேன்.

“வேறதான். கமிட்டிக்கும் அப்படித்தான் தெரியும். இதை அனுப்பினா காரியம் கெட்டுடும்.”

“உண்மையைத்தானே எழுதியிருக்கேன்?”

“உண்மையை யார் கேட்டா? அவா கேட்டது ஒரு வார்த்தை.”

நான் பிடிவாதம் பிடித்தேன். அழவில்லை, கத்தவில்லை, இதைத்தான் கொடுக்க வேண்டும் என்று நின்றேன். என் பிடிவாதம் முழுக்க முழுக்க நேர்மை என்று சொல்லிக்கொள்ள எனக்கு ஆசைதான். ஆனால் அந்த இரண்டு தாளும் எப்படியாவது அந்த லைப்ரேரியன் கண்ணில் படாதா, இப்படியும் ஒருத்தி இருக்கிறாள் என்று அவருக்குத் தெரியாதா என்ற சபலமும் அதில் இருந்தது. என் கணவர் அதைக் கிழித்துப் போட்டிருக்கலாம். கிழிக்காமல் கொண்டுபோய்க் கொடுத்தார். கோபத்தில்தான் கொடுத்தேன் என்று ரொம்ப நாள் கழித்து ஒப்புக்கொண்டார்.

அடுத்த புதன்கிழமை பை வரவில்லை. அதற்கு அடுத்த புதன்கிழமையும் வரவில்லை. எனக்குத் தண்டனை கொடுத்துவிட்டார்கள் என்று நினைத்தேன். அதில் ஒரு பெருமைகூட இருந்தது, சொன்னால் வெட்கக்கேடு. என் கணவர் வாசகசாலைக்குப் போவதை நிறுத்திவிட்டார். அங்கே என்ன நடந்தது என்று நான் அவரைக் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே என்ற பயம். சித்திரை, வைகாசி, ஆனி எல்லாம் போயின. ஆடி மாசம் ஒரு நாள் காலை மாட வீதியில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது அந்தச் சேவகர் எதிரில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

“இன்னாம்மா, நல்லாக்கீறியா?”

“எனக்குப் பையை நிறுத்திட்டேளே” என்றேன், குறைப்பட்டுக்கொள்கிற மாதிரி.

“ஒனக்கு மட்டுமா? எல்லா வூட்டுக்கும் நிறுத்தியாச்சு. லைப்ரேரியன் சாரை அனுப்பினாங்களே, அப்பவே.”

“எங்கே அனுப்பினா?”

“எங்க அனுப்புவாங்க? வூட்டுக்குத்தான்.” அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். “ஒனக்குத் தெரியாதாம்மா? நீ எய்தின காயிதத்த மேசை மேல வெச்சிக்கினு நாலு பேரு நாலு தபா படிச்சாங்க. அவுரு நின்னுக்கினே இருந்தாரு. இந்த அம்மாவ ஒனக்குத் தெரியுமான்னாங்க. தெரியாதுன்னாரு. தெரியாத பொம்பள இப்டி எய்துவாளான்னாங்க. அதுக்கு அவுரு, ‘அவங்க ஏன் எழுதினாங்கன்னு எனக்குத் தெரியாது, தெரியாததை நான் எப்படிச் சொல்றது’ன்னுட்டாரு. அவ்ளோதான், போச்சு. யாரோ தெரிஞ்சவங்க, தங்கச்சி மொறன்னு ஒரு வார்த்த வுட்டிருந்தாருன்னா வேலை நின்னிருக்கும். அந்த மனுசனுக்கு வாய் வரல.”

கத்தரிக்காயைக் கூடையிலேயே போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன். அன்றைக்கு நான் சமைத்ததை யாரும் சாப்பிட முடியவில்லை. சாயங்காலம் என் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவருக்குத் தெரிந்திருந்தது. தலையைக் குனிந்துகொண்டே கேட்டார். ஞாயிற்றுக்கிழமை லைப்ரேரியன் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்கப் போகிறேன் என்றேன். “நானும் வரேன்” என்றார்.

லைப்ரேரியன் மேற்கு மாம்பலத்தில் இருப்பதாகச் சேவகர் சொல்லியிருந்தார். தியாகராய நகர் வரைக்கும் பஸ்ஸில் போனோம். ஏரியாக இருந்த இடமெல்லாம் மனைக்கல் நட்டு, நடுநடுவே புது வீடுகள் கண்ணைப் பறித்துக்கொண்டு நின்றன. ரயில்வே கேட்டைத் தாண்டினால் வேறு ஊர். குறுகலான சந்துகள், தேங்கிய தண்ணீர், பட்டப்பகலில் கொசு. என் கணவர் ஒரு பழக்கடையில் ஒரு சீப்பு வாழைப்பழமும் கொஞ்சம் பூவும் வாங்கி என் கையில் கொடுத்தார். சந்து முனையில் நின்றுவிட்டார். “நீ போயிட்டு வா. என்னைப் பார்த்தா அவாளுக்கு இன்னும் சங்கடம்.”

ஓட்டு வீடு. வாசற்படியில் ஓர் அம்மாள் முறத்தில் நொய் புடைத்துக்கொண்டிருந்தாள். என் வயசுதான் இருக்கும். பக்கத்தில் ஒரு பெண்குழந்தை தூங்கியது. லைப்ரேரியன் இருக்கிறாரா என்று கேட்டேன்.

“இல்லையே. பிராட்வேயில ஒரு அச்சுக்கூடத்துல ப்ரூஃப் பார்க்கப் போறாரு. ஞாயித்துக்கிழமையும் உண்டு.” புடைப்பதை நிறுத்திவிட்டு என் மடிசாரையும் கையிலிருந்த பழத்தையும் பார்த்தாள். “நீங்க யாரும்மா? அவருக்கு என்ன வேணும் நீங்க?”

வழியெல்லாம் நான் மன்னிப்பை மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தேன். இந்தக் கேள்விக்கு ஒன்றும் தயார் செய்யவில்லை.

“தங்கை” என்றேன். “தங்கை மாதிரி.”

எவ்வளவு சுலபமாக வந்துவிட்டது! நாக்கு ஒரு தடவைகூடத் தடுக்கவில்லை.

அவள் பார்வையை எடுக்கவில்லை. “அவருக்குக் கூடப்பொறந்தவங்க யாரும் இல்லை. நீங்க மயிலாப்பூரா?”

“ஆமாம்.”

“அந்தக் காயிதம்...”

“நான்தான்.”

முறத்தைக் கீழே வைத்தாள். கத்துவாள் என்று நினைத்தேன், கத்தியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். உள்ளே போய் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். நான் வாங்கிக் குடித்தேன். எங்கள் தெருவில் ஒருத்தியும் அந்த வீட்டில் தண்ணீர் குடித்திருக்க மாட்டாள். அந்த நிலையிலும் அதை ஒரு பெரிய காரியமாக நினைத்துக்கொண்டேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

“உங்களோட ரெண்டாவது காயிதத்த அவரையே படிக்கச் சொன்னாங்களாம்” என்றாள். “அன்னிக்கு வீட்டுக்கு வந்து சொன்னாரு. வேலை போச்சுன்னு முதல்ல சொல்லலை. ‘ஒருத்தங்க எழுதியிருக்காங்க, அதுல ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை’ன்னுதான் முதல்ல சொன்னாரு. அப்புறம்தான் வேலை போன சேதி. நான் கேட்டேன், பொய்யா ஒரு வார்த்தை எழுதியிருந்தா என்னங்க கெட்டுப்போயிருக்கும்னு.”

குழந்தை புரண்டது. அதன் முதுகில் கையை வைத்துக்கொண்டே என்னைப் பார்த்தாள்.

“இப்ப எங்கிட்ட சொன்னீங்களே தங்கைன்னு. இதை அன்னிக்கே எழுதியிருக்கலாமேம்மா?”

எனக்கு அழுகை வந்தது. புடைவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டேன். மனப்பாடம் செய்த மன்னிப்பில் ஒரு வார்த்தையும் வெளியே வரவில்லை. அவள் என்னைத் தேற்றவும் இல்லை, போ என்று சொல்லவும் இல்லை. நான் பழத்தையும் பூவையும் படியில் வைத்துவிட்டு எழுந்தேன்.

“அவரு வந்தா யாரு வந்துட்டுப் போனாங்கன்னு சொல்லட்டும்?” என்று கேட்டாள்.

மாசக்கணக்காக நான் யோசித்த வார்த்தைகள் அத்தனையும் அந்த வாசற்படியில் என் முன்னால் வந்து நின்றன. அதில் ஒன்றையாவது எடுத்துக் கொடுக்க எனக்கு யோக்கியதை இல்லை.

“யாரும் வரலேன்னு சொல்லிடுங்கோ” என்றேன்.

அவள் யோசித்தாள். பிறகு குனிந்து பழத்தையும் பூவையும் எடுத்து என்னிடம் நீட்டினாள்.

“அப்ப இதையும் எடுத்துக்கிட்டுப் போயிடுங்கம்மா. இதைப் பார்த்தா கேப்பாரு. கேட்டா அவருகிட்ட எனக்கு மறைச்சுப் பேச வராது.”

நான் வாங்கிக்கொண்டேன்.